பதினேழாம் எண் பூசணி

பூசணிக்காய்க்குத் தாய் தகப்பன் பெயர் கேட்டபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னேன்.

"தாய்?" என்றார் செயலாளர் தில்லையம்பலம்.

"கொடிதாங்க."

"தகப்பன்?"

"அதே கொடிதாங்க. ஆண் பூ, பெண் பூ ரெண்டும் ஒரே கொடியிலதான் பூக்கும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஆண் பூவைப் பறிச்சு பெண் பூவுல நான்தான் தேச்சு விட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரே வீட்டுக்குள்ளேயோ?"

அந்தக் கல்யாணத்தை நான் நடத்தி வைத்தது பெரிய குற்றம் என்பதுபோல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு போட்டி விண்ணப்பப் பாரத்தில் எழுதினார்: தகப்பன் பெயர், விசாரணையில் உள்ளது.

தில்லையம்பலம் முப்பது வருஷம் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வந்தது, ஃபைல் வரவில்லை. அந்தக் குறை தீர காத்தோங்கிலிருந்து தினமும் பஸ் ஏறி ஜாலான் புசாருக்கு வந்து, எங்கள் வட்டாரக் காய்கறி வளர்ப்போர் முன்னேற்றச் சங்கத்தின் ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஒரு வெண்டைக்காய் வளர்வதற்குள் அவர் அதைப் பற்றி நாலு கடிதம் எழுதிவிடுவார்.

சங்கத்திடம் கால்வாய் ஓரமாக ஒரு காலி நிலம் குத்தகைக்கு இருந்தது. அதை இருபத்து நாலு பாத்தியாகப் பிரித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பத்தடிக்குப் பத்தடி. என்னுடையது பதினேழு. கொடுத்தபோது அதில் மண் இருக்கவில்லை. உடைந்த ஓடும், துருப்பிடித்த ஆணியும், யாரோ எறிந்த ஒற்றைச் சப்பாத்துக் காலணியும் இருந்தன. நானும் என் மனைவி முத்தாயியும் ஒரு வருஷம் கூடையில் அள்ளிக் கொட்டினோம். ஆட்டுப் புழுக்கையும் வாழைத்தோலும் மீன் கழுவின தண்ணீரும் போட்டு எட்டு வருஷத்தில் அதை மண்ணாக்கினோம். நாங்கள் குடியிருந்தது அப்பர் வெல்டு ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். நான் இரும்புக் கடை ஸ்டோரில் ஆணி எண்ணுகிறவன். சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் எங்கள் கால் படும் மண் என்று இருந்தது அந்தப் பத்தடிதான். முத்தாயி வீட்டில் என்னோடு பேசுவதைவிட அங்கே கத்தரிச் செடியோடு அதிகம் பேசுவாள். எனக்கு அதில் வருத்தமில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில், காய்கறி வளர்ப்போர் முன்னேற ஒரு மண்டபம் தேவை என்று சங்கம் கண்டுபிடித்தது. மண்டபம் கட்ட இடம் வேண்டும். காய்கறி வளர்ந்த இடத்திலேயே கட்டிவிடலாம் என்று ஏகமனதாக முடிவானது. இருபது பாத்திகள் மண்டபத்துக்கு அடியில் போகும். கால்வாய் ஓரத்து நாலு மட்டும் மிஞ்சும். பதினேழு அந்த நாலில் ஒன்று. ஆனால் மூன்று பாத்திகள் நிர்வாகத்தின் விருப்பப்படி. மீதி ஒன்றுக்குப் போட்டி. யார் மிகப் பெரிய பூசணி வளர்க்கிறாரோ, அவர் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் செய்தியை எனக்கு முதலில் கொண்டுவந்தவன் தனசேகரன். சங்கத்தின் துணைச் செயலாளர். என்னைவிட எட்டு வயது சின்னவன், பதினைந்து வருஷப் பழக்கம். டைஃபாய்டில் கிடந்தபோது மூன்று வாரம் எங்கள் அறையில்தான் படுத்திருந்தான். முத்தாயி கஞ்சி ஊட்டினாள். என்னை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான்.

"அண்ணே, இது நான் கமிட்டியில சண்டை போட்டு வாங்கின தீர்மானம். யாருக்காக? உங்களுக்காகத்தான். பூசணின்னா இந்த வட்டாரத்துல துரைசாமி அண்ணனை மிஞ்ச ஆளு இருக்கா? பாத்தி உங்களுதுதான், கவலைப்படாதீங்க லா."

நம்பினேன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

பாரம் கொடுத்தாயிற்று. அடுத்து, பதிவுக்காகக் காயை அலுவலகத்துக்கு எடுத்து வரவேண்டும் என்று கடிதம் வந்தது. காய் கொடியில் இருக்கிறது, அறுத்தால் வளராது என்று நான் பதில் எழுதினேன். கமிட்டி இரண்டு முறை கூடி, காய் வர முடியாத காரணத்தால் அலுவலகம் காயிடம் போவது என்று தீர்மானித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை, நாற்காலி, பதிவேடு, மைக்கூடு எல்லாவற்றையும் டிரைஷா என்ற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பாத்திக்குள் இறக்கினார்கள். மேசையின் ஒரு கால் என் வெண்டைச் செடிமேல் இறங்கியது. அப்போது என் பூசணி எலுமிச்சம்பழ அளவு. தில்லையம்பலம் ஊசியால் அதன் தோலில் 17 என்று அரை அங்குல உயரத்தில் கீறி, பதிவேட்டில் "எண்ணின் உயரம் அரை அங்குலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காய் வளர வளரக் கீறலும் வளரும் என்பது இரும்புக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். ஜூன் மாதம் 17 நாலு அங்குலம் ஆகிவிட்டது. எனக்கு ஒரு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. பதிவான எண்ணுக்கும் காயில் காணப்படும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு உறுப்பினர் என்ன சமாதானம் சொல்கிறார்? நேரில் போனேன்.

"காய் பெருத்திருச்சுங்க ஐயா."

"காய் பெருக்கட்டும். அதற்கு உரிமை உண்டு. எண் ஏன் பெருத்தது?"

இனிமேல் எண்ணைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் வானம் காய்ந்துவிட்டது. அந்த வருஷ வெயிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் தண்ணீர் வெட்டு வந்தது. வாரத்தில் சில நாள் அரைப் பொழுது குழாயில் காற்றுதான். டின் டின்னாகப் பிடித்து வைத்தோம். பாத்தி மண்டபத்துக்குப் போய்விட்டதால் மண்ணெண்ணெய் டின்களில் பூசணி போட்ட மற்ற உறுப்பினர்களின் கொடிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. நான் குளிப்பதை ஒரு வாளிக்குக் குறைத்தேன், அதையும் பெரிய தொட்டிக்குள் நின்று குளித்தேன். சோப்புப் போடவில்லை. அந்தத் தண்ணீரையும், அரிசி களைந்த தண்ணீரையும் முத்தாயி சாயங்காலம் தலையில் சுமந்து போவாள். கொடியில் வேறு பிஞ்சு எதையும் நான் விடவில்லை. நுனியைக் கிள்ளினேன். கணுக்களை மண்ணில் புதைத்து அங்கங்கே வேர் விடச் செய்தேன். மதிய வெயிலில் ஓடிவந்து காயின்மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவேன். சட்டையில் வாடை அடிக்கிறது என்று முதலாளி என்னை ஸ்டோரின் பின்கட்டிலேயே நிறுத்தி வைத்தார். முத்தாயி தலைக்கு ஊற்றிக் குளித்து இரண்டு மாதமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ச்சிக் கண்காணிப்புத் துணைக்குழு வரும். தனசேகரன் டேப்பைச் சுற்றி அளவு சொல்வான், ஒருவர் எழுதுவார், மற்ற நாலு பேர் தண்ணீர் கேட்பார்கள். முத்தாயி காய்க்கென்று கொண்டுவந்ததைச் செம்பில் மொண்டு கொடுப்பாள். தனசேகரனும் ஒரு பூசணி போட்டிருந்தான், வீட்டு வாசலில், டின்னில். "உங்க முன்னாடி அது ஒரு காயாண்ணே? கமிட்டி ஆளுன்னு சும்மா பேருக்குப் போட்டது" என்று சிரிப்பான். நானும் சிரித்து, அதற்கும் கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை கட்டிக் கொடுத்தேன்.

ஜூலை கடைசி ஞாயிறு மண்டபத் திறப்பு விழா. அதே மேடையில் பூசணிப் போட்டி. அழைப்பிதழில் பத்தொன்பது அயிட்டம். மூன்றாவது, திருஷ்டி கழித்தல். பதினாறாவது, எடை பார்த்தல். நடுவில் முழுக்கப் பேச்சு.

காலையில் என் காயை ஆறு பேர் பலகையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். காம்பை அறுக்கும்போது முத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நூறு ராத்தலுக்குக் குறையாது என்று என் கை சொன்னது. மேடையில் அதற்கு ஒரு நாற்காலி போட்டு, தலைவர் பக்கத்தில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு மேடையில் இடமில்லை, பேட்ஜ் இல்லாதவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். இருந்தாலும் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. நாலு டின்தான் தேறியிருந்தன. அவற்றிலும் மூன்று சூம்பல். தனசேகரனுடையது ஒன்பது ராத்தல் இருக்கும்.

தலைவர் கோவிந்தசாமி எழுந்தார். சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். சங்கத்துக்குப் பொன்னாடை அவர் கடையிலிருந்துதான் வரும்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்தச் சங்கத்துக்கு நான் தலைவராகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு கத்தரிக்காயைக்கூட நான் தொட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். உறுப்பினர்களின் உழைப்பில் தலையிடாதவன் நான். இருபத்து நான்கு பாத்திகள் இருந்த இடத்தில் இன்று நான்குதான் இருக்கின்றன என்று சிலர் குறை சொல்கிறார்கள். வளர்ச்சி என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியவில்லை. முன்பு காய்கறி வளர்த்தோம், அதைப் பற்றிப் பேச இடமில்லை. இன்று பேச இடம் இருக்கிறது." கைதட்டல் எழுந்தது. "தண்ணீரைச் சிக்கனப்படுத்துங்கள்" என்று சொல்லி மூன்றாவது கிளாஸைக் குடித்தார்.

அப்போதுதான் தனசேகரன் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தான்.

"அண்ணே, பெரிய தராசு இன்னும் வரலை. சுங்கை ரோட்டுல நாகூர் கனி பழைய சாமான் கடையில சொல்லி வச்சிருக்கு. உங்க காயைத் தாங்குற தராசு வேற யாருகிட்டேயும் இல்ல. நீங்களே போய் எடுத்துட்டு வந்துடுங்க. வேற ஆள விட்டா கல்லுல ஏதாச்சும் பண்ணிடுவாங்க."

என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே போனேன். தராசையும் படிக்கற்களையும் டிரைஷாவில் ஏற்றிக்கொண்டு, நான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

மண்டபத்து வாசலில் கூட்டம். கற்பூர வாடை. தார் ரோட்டில் மஞ்சளும் சிவப்புமாக என்னவோ சிதறிக் கிடந்தது. ஆட்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். ஒரு பெரிய தோல் துண்டு கவிழ்ந்து கிடந்தது. அதில் நாலு அங்குலத்தில் ஒரு 7 இருந்தது. பக்கத்து 1-ஐக் காணவில்லை.

முத்தாயி சாலை ஓரத்தில் குந்தியிருந்தாள். குங்குமம் ஒட்டின விதைகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று அவள்தான் சொன்னாள்.

திருஷ்டி கழிக்க வெண்பூசணி வாங்கி வைக்க மறந்துபோனார்கள். தேக்கா மார்க்கெட்டுக்கு ஆள் போனது. இந்த வறட்சியில் வெண்பூசணிக்கு எங்கே போவது. நல்ல நேரம் இன்னும் கொஞ்சம்தான் என்று பூசாரி அவசரப்படுத்தினார். தலைவர் மேடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"போட்டிக் காய் அல்லவோ, உரியவரின் சம்மதம் வேண்டும்" என்று தில்லையம்பலம் மட்டும் கேட்டாராம். அதை நான் அவர் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

"துரைசாமி அண்ணன் நம்ம ஆளு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றானாம் தனசேகரன்.

"நான் குறுக்க போய் நின்னேன்" என்றாள் முத்தாயி. "அண்ணி, நல்ல காரியத்துல அபசகுனமா நிக்காதீங்கன்னு கையைப் புடிச்சு நகத்தி விட்டுச்சு." அது என்று அவள் சொன்னது தனசேகரனைத்தான். தலைவரால் தூக்க முடியவில்லையாம். ஆறு பேர் தூக்க, அவர் ஒரு விரலால் தொட்டுக்கொண்டாராம்.

ஆனாலும் எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. இத்தனை ஞாயிறு அளந்தார்களே, பதிவேட்டில் இருக்கிறதே, காயைப் பார்க்காதவர் யார்? தராசை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

பதினாறாவது அயிட்டம் வந்தது. தில்லையம்பலம் பதிவேட்டைப் பிரித்தார். "பதினேழாம் எண் பூசணி" என்றார். "பதினேழாம் எண் பூசணி" என்று மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"ஐயா, அதைத்தான் வெளியில உடைச்சிட்டாங்களே" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நானும் கற்பூரம் தொட்டுக் கும்பிட்டேன். ஆனால் விதி எட்டு, காய் முழுதாக இருக்க வேண்டும் என்கிறது. விதி ஒன்பது, காய் கூப்பிட்டவுடன் வர வேண்டும் என்கிறது." எழுதினார்: வருகை இல்லை.

தனசேகரனின் காய் எட்டே முக்கால் ராத்தல். முதல் பரிசு. எந்தப் பாத்தி வேண்டும் என்று தலைவர் மைக்கில் கேட்டார். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பதினேழு" என்றான். "அங்க மண்ணு நல்லா இருக்கு."

பதினேழாவதாக நடந்தது அழைப்பிதழில் இல்லாத அயிட்டம். சங்கத்தின் மங்கல நிகழ்ச்சிக்குத் தம் பூசணியை மனமுவந்து நன்கொடையாக அளித்த துரைசாமிக்குக் கௌரவம் என்று அறிவித்து, கயிற்றைத் தூக்கி என்னை மேடைக்கு ஏற்றினார்கள். நான் ஏன் ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் போவது என் வழக்கம். பூசணி உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அதே பொன்னாடை. அதில் காம்பிலிருந்து வடிந்த பால் ஒட்டியிருந்தது. போட்டோ எடுத்தார்கள்.

"சந்தோஷம்தானே, துரைசாமி?" என்றார் தலைவர்.

"ஆமாங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நான் மன்னிக்கவே இல்லை.

இறங்கும்போது தில்லையம்பலம் ஒரு ரசீதில் கையெழுத்து வாங்கினார். சங்கத்துக்கு இருப்பது இரண்டே பொன்னாடை. ஒன்றில் கறை பட்டிருப்பதால், சலவை செய்து ஒரு வாரத்துக்குள் திருப்பித் தருவேன் என்று நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது முத்தாயி அந்தப் பொன்னாடையை என் தோளிலிருந்து எடுத்து மடித்தாள். "இதைப் போத்திட்டுத்தான் அதையும் உடைச்சாங்க" என்றாள். அன்றைக்கு டின்னில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றித் தலைமுழுகினாள்.

அடுத்த ஞாயிறு தனசேகரன் வந்தான். வரமாட்டான் என்று நான் நினைத்திருந்தேன். எப்போதும்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்னண்ணே, கோவமா? எனக்கு மட்டும் மனசு இல்லையா? தலைவர் சொல்லும்போது நான் என்ன பண்ண முடியும்? அந்தப் பாத்தி வேற எவனோ எடுக்குறதுக்கு நம்ம குடும்பத்துலேயே இருக்கட்டும்னுதான் கேட்டேன். அண்ணி எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாம் லா."

பதினைந்து வருஷத்தில் அவனிடம் சொல்லாத விஷயம் என்று என்னிடம் ஒன்றும் கிடையாது. அன்றைக்குச் சொன்னது இது மட்டும்தான். "பொன்னாடை அந்தா இருக்கு" என்றேன். துவைக்காமல் மடித்து வைத்திருந்தோம்.

முத்தாயி கோப்பியும் ஒரு தட்டும் கொண்டுவந்து வைத்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தது, நல்ல மொறுமொறுப்பு. அவன் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டுக்கொண்டான். அண்ணி கை மணமே தனி என்றான். இன்னொரு கைப்பிடி எடுத்தான். பிறகு கோப்பியை ஆற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தான்.

"அடுத்த வருஷமும் போட்டி வைக்கணும்னு தலைவர் சொல்றாரு. இதைவிடப் பெரிசா. அன்னைக்கு அண்ணி விதையெல்லாம் பொறுக்குனதைப் பார்த்தேன். அந்த ஜாதி வேற எங்கேயும் கிடைக்காது. கொஞ்சம் கொடுங்கண்ணே. சங்கத்துக்காகத்தான் கேக்குறேன்."

நான் முத்தாயியைப் பார்த்தேன். ஒரு வாரமாக அவள் அந்த விதைகளை ஜன்னலில் காயப் போட்டு, நடுவதற்கு மண் எங்கே என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

"அதைத்தான் தம்பி நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

தனசேகரன் மெல்லுவதை நிறுத்தினான். வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். துப்பவில்லை. தட்டில் மிச்சமிருந்ததையும் தின்று முடித்துவிட்டு, பொன்னாடையை எடுத்துக்கொண்டுதான் போனான்.